பிள்ளைக்கு கிட்டார் எப்ப, எப்படி ஆரம்பிக்கலாம்? சூடு பட்டவன் சொல்றேன்

நவராத்திரி நெருங்கிட்டா போதும், ஆபீஸ்ல யாராவது ஒருத்தர் டீ டைம்ல வந்து "பையனுக்கு அஞ்சு வயசாகுது, விஜயதசமிக்கு கிட்டார் கிளாஸ்ல சேத்துடலாமா?"ன்னு கேட்டுடுவாங்க. என் பொண்ணு கிட்டார் வாசிப்பான்னு தெரிஞ்சதுல இருந்து இந்த கேள்விக்கு நான்தான் ஆஸ்தான ஆலோசகர். எனக்கு பெரிய சங்கீத ஞானம்லாம் கிடையாதுங்க, ஆனா இந்த விஷயத்துல பண்ணக்கூடாத தப்பு அத்தனையும் வரிசையா பண்ணி முடிச்சிருக்கேன், அந்த தகுதியில சொல்றேன்.

அவளுக்கு அப்ப ஆறு வயசு. கடைக்கு போனோம், கடைக்காரர் பெரியவங்க வாசிக்கிற ஃபுல் சைஸ் ஸ்டீல் கம்பி கிட்டாரை எடுத்து குடுத்து "வளர்ற புள்ள சார், சின்னது வாங்கினா ரெண்டு வருஷத்துல மாத்தணும்"னாரு. நாமளும் ஸ்கூல் யூனிஃபார்மையே ரெண்டு சைஸ் பெருசா எடுத்து உள்ள மடிச்சு தெச்சு போட்டு வளந்த ஆளுங்கதானே, டக்குனு மண்டைய ஆட்டிட்டேன். வீட்டுக்கு வந்து மடியில வெச்சா கிட்டாருக்கு பின்னாடி அவ நெத்தியும் ஹேர்பேண்டும்தான் தெரியுது. வலது கை தோள்பட்டையோட தூக்கிட்டு நிக்குது, இடது கை முதல் ஃப்ரெட்டுக்கு (கழுத்துல குறுக்க பதிச்சிருக்கிற உலோக கோடு) எட்டணும்னா முழங்கையை விறைப்பா நீட்டணும். மூணாவது வாரம் விரல் நுனியை கொண்டு வந்து காட்டினா, கம்பி பதிஞ்சு செக்கச்செவேல்னு கோடு, "அப்பா இது கடிக்குது"ன்னா. அதோட கிட்டார் பீரோ மேல ஏறிடுச்சு, ஒன்றரை வருஷம் இறங்கல. நானும் அவளுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல போலன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

சரி, வயசு விஷயத்துக்கு வர்றேன். ஊர்ல பெரியவங்க எல்லாம் அஞ்சுல வளையாததுன்னு ஆரம்பிப்பாங்க, கிட்டாருக்கு அந்த அவசரம் வேணாம். ஆறுல இருந்து எட்டு வயசுக்குள்ள பெரும்பாலான பசங்களுக்கு சரியா வரும், நாலு வயசுலயே நல்லா பிடிக்கிற குழந்தையும் உண்டு, பத்துல ஆரம்பிச்சு ஒரே வருஷத்துல ஆறு வயசு பேட்சை தாண்டி போன பசங்களையும் பாத்திருக்கேன். அதனால பர்த் சர்டிஃபிகேட்டை விட்டுட்டு வீட்லயே நாலு விஷயம் பாத்துடுங்க. உள்ளங்கையை டேபிள் மேல வெச்சுட்டு ஒவ்வொரு விரலா தனியா தூக்க சொல்லுங்க, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தனித்தனியா அசைஞ்சா போதும், மோதிர விரல் நமக்கே ஒழுங்கா தூக்காது. ஒரு பாட்டை போட்டுட்டு அதுக்கு சீரா கை தட்ட சொல்லி பாருங்க. ஒரு வேலையை உக்காந்து பத்து நிமிஷம் பண்ணுதான்னு பாருங்க, ட்ராயிங்கோ பில்டிங் ப்ளாக்ஸோ எதா இருந்தாலும் சரி (மொபைல் கணக்குல வராது). கடைசியா, யாரு கேட்டாங்க கிட்டார், குழந்தையா நீங்களா? எனக்கு சின்ன வயசுல கிடைக்கல, அவனாவது கத்துக்கட்டும்னு சேக்குறவங்கதான் பாதி பேர், நானும் அந்த கோஷ்டிதான். அது தப்புன்னு சொல்லல, ஆனா அப்படின்னா நீங்களும் கூட உக்காந்து கத்துக்கோங்க. ஜப்பான்ல சுஸுகி மெத்தட்னு வயலினுக்கு ஒரு முறை கொண்டு வந்தாங்க, அதுல அப்பாவோ அம்மாவோ கிளாஸ்ல கூடவே உக்காரணும், அவங்களும் அடிப்படை வாசிப்பை கத்துக்கணும். அந்த முறை இப்ப கிட்டாருக்கும் இருக்கு. நீங்க முழுசா அதை ஃபாலோ பண்ண வேண்டாம், ஆனா அந்த ஒரு ஐடியாவை மட்டும் சுட்டுக்கோங்க.

நாலு அஞ்சு வயசுதான் ஆகுது, ஆனா வீட்ல துடைப்பத்தை பிடிச்சுட்டு ஆடிட்டே இருக்கான், ஏதாவது வாங்கி குடுத்தே ஆகணும்னா குட்டி கிட்டார் மாதிரி இருக்கிற உகுலேலே வாங்குங்க. நாலே நாலு நைலான் கம்பி, சின்ன பிள்ளைக்கு சோப்ரானோ சைஸ் 21 இன்ச்தான் இருக்கும், ஒரே ஒரு விரலை வெச்சா சி கார்ட் (சேந்து ஒலிக்கிற சுரக்கூட்டத்தைத்தான் கார்டுன்னு சொல்வாங்க) வந்துடும். அதுல பழகுன விரல் வீணா போகாது, ஏன்னா உகுலேலேல சி கார்டுக்கு வைக்கிற அதே விரல் பொசிஷன்தான் கிட்டாரோட மெல்லிசான நாலு கம்பில ஜி கார்ட். இல்லன்னா கீபோர்டு, அதுல தட்டினா சத்தம் வந்துடும், கிட்டார்ல ஒரு கை அழுத்தணும் இன்னொரு கை மீட்டணும் ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கணும்ங்கிற தொல்லை இல்ல.

கிட்டார்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா சைஸ்தான் முக்கால்வாசி விஷயம். கால், அரை, முக்கால், ஃபுல்னு நாலு சைஸ் வருது. தோராயமா நாலு டூ ஆறு வயசுக்கு கால் சைஸ், ஆறு டூ எட்டுக்கு அரை, எட்டு டூ பதினொண்ணுக்கு முக்கால். பேருக்கு அரைன்னாலும் நெசமா பாதி நீளம் கிடையாது, யமஹால அரை சைஸ் சிஜிஎஸ்102ஏ மாடல்ல கம்பி அதிர்ற நீளம் 535 மில்லிமீட்டர், முக்கால் சைஸ் சிஜிஎஸ்103ஏல 580, பெரியவங்க க்ளாசிக்கல் கிட்டார்ல 650. ஆனா இந்த வயசு கணக்கை நம்பி ஆன்லைன்ல ஆர்டர் போடாதீங்க, பிள்ளையை கடைக்கு கூட்டிட்டு போங்க. கால் தரையில படுற மாதிரி ஸ்டூல்ல உக்கார வெச்சு கிட்டாரை மடியில குடுத்து, இடது கையால முதல் ஃப்ரெட்டை பிடிக்க சொல்லுங்க. முழங்கை நல்லா மடங்கி இருக்கணும், நீட்டிட்டு இருந்தா அது பெரிய சைஸ். வலது தோள் காது பக்கமா ஏறக்கூடாது. ரெண்டு சைஸுக்கு நடுவுல இருந்தா சின்னதையே எடுங்க, செருப்பு மாதிரிதான் இது, பெருசா போட்டா தடுக்கும்.

அடுத்தது கம்பி. நைலான், வேற பேச்சே கிடையாது. ஒரு சாதாரண ஸ்டீல் செட் ஃபுல் சைஸ் கிட்டார்ல ஆறு கம்பியும் சேத்து ஏறக்குறைய 70 கிலோ இழுவையில நிக்கும், நைலான் 40 கிலோ சுமார்தான். அந்த வித்தியாசத்தை தாங்குறது உங்க பிள்ளையோட பிஞ்சு விரல். சைஸ் சின்னதா இருந்தாலே குழந்தை கிட்டார்னு நெனச்சுடாதீங்க, யமஹா ஜேஆர்1 மாதிரி சின்னதா அழகா இருக்கிறதுலயும் ஸ்டீல் கம்பிதான். அதே மாதிரி நைலானுக்குன்னு செஞ்ச கிட்டார்ல சத்தம் பத்தலன்னு ஸ்டீல் கம்பியை மாட்டிடாதீங்க, கம்பியை கட்டியிருக்கிற பிரிட்ஜ் கட்டை பிச்சுக்கிட்டு வந்துடும்.

கடையில இன்னும் ரெண்டு செக் பண்ணணும், இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. பாக்கெட்ல ஒரு ஸ்கேல் எடுத்துட்டு போங்க, சிரிப்பாங்க, பரவால்ல. பன்னெண்டாவது ஃப்ரெட்டுல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க, இதைத்தான் ஆக்‌ஷன்னு சொல்வாங்க. 3 மில்லிமீட்டர் பக்கத்துல இருந்தா நல்லது, 5 எல்லாம் இருந்தா அது குழந்தைக்கு வாசிக்கிற கிட்டார் இல்ல, விரலுக்கு ஜிம். ரெண்டாவது, ட்யூன் பண்ண சொல்லிட்டு பத்து நிமிஷம் அதையே வாசிக்க சொல்லுங்க, மறுபடி ட்யூனர் (சுருதி சரியான்னு காட்டுற கருவி) வெச்சா எவ்வளவு எறங்கி இருக்குன்னு பாருங்க. புது நைலான் கம்பி முதல் ஒரு வாரம் இழுத்துட்டேதான் இருக்கும், அது சகஜம், ஆனா கம்பியை முறுக்குற திருகாணியே வழுக்கிட்டு போகுதுன்னா வேணாம். ரொம்ப சீப்பா கிடைக்கிற கிட்டார்கள்ல இந்த ரெண்டுலதான் அடி வாங்கும். கூடவே கிளிப் ட்யூனர் ஒண்ணு, கிட்டார் ஸ்டாண்டு ஒண்ணு கண்டிப்பா வாங்கிடுங்க, பேக் கூட அப்புறம் வாங்கிக்கலாம். ஸ்டாண்டு எதுக்குன்னா, பேக்ல போட்டு ஜிப் மூடி லாஃப்ட்ல வெச்ச கிட்டாரை எந்த குழந்தையும் கேக்காது. ஹால்ல கண்ணுல படுற மாதிரி நின்னா போறப்ப வர்றப்ப ஒரு தடவை மீட்டிட்டு போகும், பாதி ப்ராக்டிஸ் அதுலயே நடந்துடும்.

மாஸ்டரை எப்படி தேடுறதுன்னா, அவர் எவ்வளவு ஸ்பீடா வாசிக்கிறாருங்கிறதை பாக்காதீங்க. ஒரு கிளாஸ் ஓரமா உக்காந்து பாருங்க. முதல்ல எல்லா பசங்களோட கிட்டாரையும் ட்யூன் பண்ணிட்டு ஆரம்பிக்கிறாரா? நாங்க முதல்ல சேத்த எடத்துல ஒரு ரூம்ல பன்னெண்டு பசங்க, பன்னெண்டு கிட்டாரும் பன்னெண்டு சுருதில, அந்த சத்தத்துல எவனுக்கு காது வரும் சொல்லுங்க. முதல் நாளே பதினஞ்சு கார்டு படம் வரைஞ்ச பேப்பரை ஜெராக்ஸ் போட்டு குடுத்தாலும் யோசிங்க. சின்ன பசங்களுக்கு வாரத்துல ஒரு மணி நேரம் ஒரே மூச்சா வெக்கிறதை விட அரை மணி அரை மணியா ரெண்டு நாள் வெக்கிறவர் கிடைச்சா விட்டுடாதீங்க. ஆன்லைன் கிளாஸ் எட்டு வயசுக்கு கீழ எனக்கு சரிப்படல, விரல் எங்க இருக்குன்னு கேமராவுல தெரியாது, ட்யூனிங் முழுக்க உங்க தலையில விழும். மே மாச சம்மர் கேம்ப் டேஸ்ட் பாக்க ஓகே, அதுல கத்துக்கிட்டு வந்துடுவான்னு மட்டும் எதிர்பாக்காதீங்க.

முதல் ரெண்டு மூணு மாசம் மெல்லிசான மூணு கம்பியை மட்டும் வெச்சு ஓட்டலாம், இது எங்களோட ரெண்டாவது மாஸ்டர் காட்டின வித்தை. கீழ இருக்கிற மூணு கம்பியை எதையும் அழுத்தாம மீட்டினாலே ஈ மைனர். நடு கம்பியில, அதாவது பி கம்பியில முதல் ஃப்ரெட்டை ஆள்காட்டி விரலால அழுத்தினா சி மேஜர். அந்த விரலை எடுத்து கடைசி கம்பியில மூணாவது ஃப்ரெட்டுல வெச்சா ஜி. அதே கம்பியில முதல் ஃப்ரெட்டுல வெச்சா ஜி7. ஒத்த விரல்ல நாலு கார்டு ஆச்சா? சி, ஜி ரெண்டை மட்டும் வெச்சே குழந்தைங்க பாட்டு நெறைய வாசிச்சுடலாம், அது பாடட்டும், நீங்க கை தட்டுங்க. அழுத்தும்போது ஃப்ரெட் கோட்டுக்கு ஒட்டின மாதிரி பின்னாடி அழுத்த சொல்லுங்க, ரெண்டு கோட்டுக்கு நடுவுல அழுத்தினா அதிக பலம் வேணும், அப்பவும் டர்ருங்கும். இடது கை நகத்தை வாராவாரம் வெட்டிடுங்க. எட்டலன்னு திணறினா ரெண்டாவது ஃப்ரெட்டுல காப்போ (எல்லா கம்பியையும் சேத்து அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டுடுங்க, கட்டமும் குறுகிடும், கையும் உள்ள வந்துடும்.

வீட்ல ஏற்கனவே பாட்டு கிளாஸ் போற பிள்ளையா இருந்தா இன்னொரு சுளுவான வழி இருக்கு. சரளி வரிசை மாயாமாளவகௌளையில தானே சொல்லிக் குடுக்குறாங்க, ஒரே கம்பியில அதை அப்படியே எடுத்துடலாம். சும்மா விட்டா ஸ, அப்புறம் 1, 4, 5, 7, 8, 11, 12வது ஃப்ரெட், ரி க ம ப த நி ஸ வந்தாச்சு. என் பொண்ணு பீரோ மேல இருந்து இறக்கின கிட்டார்ல... இல்ல இல்ல, அதுக்கப்புறம் வாங்கின அரை சைஸ்ல இதைத்தான் முதல்ல தானா கண்டுபிடிச்சு வாசிச்சா. வாயால பாடிட்டே ஃப்ரெட் ஃப்ரெட்டா தேடிட்டு, க வர்ற எடத்துல மூணாவதுல அழுத்தி "ச்சே இல்ல"ன்னு நாலுக்கு போனா பாருங்க, மாஸ்டர் பத்து கிளாஸ்ல சொல்றதை அவ காது ஒரு செகண்ட்ல சொல்லிடுச்சு.

ப்ராக்டிஸ்னா ஒரு நாளைக்கு ஏழெட்டு நிமிஷம் போதும், ஆனா டெய்லி. எங்க வீட்ல சாயங்காலம் டிபன் முடிஞ்சு ஹோம்வொர்க்குக்கு முன்னாடி. விரல் எரியுதுன்னா அன்னைக்கு அதோட நிறுத்திடுங்க, நைலான்ல ரெண்டு மூணு வாரத்துல தோல் பழகிடும், கொப்புளம் வர்ற வரைக்கும் போறது வீரமில்ல. பெருசா ஒரு வேண்டுகோள், சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தா "மாமாவுக்கு வாசிச்சு காட்டுடி"ன்னு கிட்டாரை கையில திணிக்காதீங்க. அவங்க பஜ்ஜி சாப்டுட்டே டிவி பாத்துட்டு "சூப்பர் சூப்பர்"ம்பாங்க, குழந்தைக்கு அது நல்லாவே தெரியும்.

கிரேடு எக்ஸாம் பத்தியும் கேப்பாங்க. நம்ம ஊர்ல ட்ரினிட்டி காலேஜ் லண்டன் எக்ஸாம் ரொம்ப பேர் எழுதுறாங்க, இளையராஜா க்ளாசிக்கல் கிட்டார்ல கோல்டு மெடல் வாங்கினது இதே ட்ரினிட்டிலதான்னு ஒவ்வொரு கிளாஸ்லயும் ஒரு தடவையாவது சொல்லிடுவாங்க. இனிஷியல்ல ஆரம்பிச்சு எட்டு கிரேடு வரைக்கும் இருக்கு. ஒரு வருஷமாவது சும்மா ஜாலியா வாசிச்சதுக்கு அப்புறம் குழந்தையே கேட்டா எழுத விடுங்க. எக்ஸாமுக்குன்னே மூணு பீஸை மட்டும் வருஷம் முழுக்க உருப்போட்டு, சர்டிஃபிகேட் ஃப்ரேம் போட்டு மாட்டிட்டு, வேற ஒரு பாட்டு கேட்டா முழிக்கிற பசங்க எங்க அபார்ட்மென்ட்லயே ரெண்டு பேர் இருக்காங்க.

இடது கை பழக்கம் இருக்கிற பிள்ளைன்னா உடனே லெஃப்ட் ஹேண்ட் கிட்டார் தேடி அலையாதீங்க, சின்ன சைஸ்ல கிடைக்கிறதே கஷ்டம், ரெண்டு கைக்கும் புது வேலைதான்ங்கிறதால நெறைய பேர் சாதாரண கிட்டார்லயே பழகிடுறாங்க. அந்த துடைப்ப டான்ஸ்ல எந்தப் பக்கமா பிடிக்கிறான்னு மட்டும் கவனிச்சு மாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க.

அப்புறம் மழைக்காலம். சென்னை மாதிரி ஈரக்காத்து ஊர்ல சுவத்தை ஒட்டி வெக்காதீங்க, நேரா ஏசி காத்து படுற எடத்துலயும் வேணாம், வெயில்ல நிக்கிற கார்ல விட்டுட்டு போனீங்கன்னா பசையே இளகிடும். நைலான் துருப்பிடிக்காதுன்னாலும் தடியான மூணு கம்பில மேல உலோகம் சுத்தி இருக்கும், அது வேர்வை பட்டு கறுத்துடும், வாசிச்சதும் பழைய பனியன் துணியால ஒரு இழுப்பு இழுத்து துடைச்சு வெக்க சொல்லுங்க.

அந்த பழைய ஃபுல் சைஸ் ஸ்டீல் கிட்டார் என்னாச்சுன்னு கேப்பீங்க. இப்ப நான்தான் வாசிக்கிறேன். போன வாரம் எஃப் கார்டு போட திணறிட்டு இருந்தேன், மேடம் ரூம்ல இருந்தே "அப்பா பி கம்பி எறங்கி இருக்கு"ன்னு கத்துறா.