கடினமான பார்ட் கைக்கு வந்தால் முதலில் பென்சிலை எடுங்கள்

சனிக்கிழமை பயிற்சி முடிந்து எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து புது பார்ட்டை, அதாவது என் வாத்தியத்துக்கான இசைத்தாளை, விரித்தால் எறும்புப் புற்றைக் கிளறிவிட்ட மாதிரி இருக்கும். பக்கம் முழுக்க செமிகுவேவர் என்கிற கால் அடி ஸ்வரங்கள், பாருக்கு (கோடு போட்டுப் பிரித்த ஒரு கட்டத்துக்கு) ஒரு தாளம். சிங்கப்பூரில் ஒரு சமூக மன்ற விண்ட் பேண்டில், அதாவது ஊதுவாத்தியக் குழுவில், நான் இரண்டாம் கிளாரினெட். பகலில் கணக்கு எழுதுகிற வேலை. உயர்நிலைப் பள்ளியோடு விட்ட வாத்தியத்தை இருபது வருடம் கழித்துத் தூசி தட்டி எடுத்தவள். வாரத்துக்கு ஒருநாள் கூடி வாசிக்கிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் இது. எல்லா ஸ்வரத்தையும் பிடித்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். எதை விடலாம், எதை விடவே கூடாது என்று முதலில் பிரியுங்கள்.

வாத்தியத்தைத் தொடாமல், பார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒலிப்பதிவை இரண்டு முறை கேளுங்கள். ஒரு ஓட்டத்தை (வேகமாக ஓடும் ஸ்வர வரிசையை) ஃபுளூட், சைலஃபோன் எல்லாம் சேர்ந்து வாசிக்கிறதென்றால், நடுவில் நீங்கள் நாலு ஸ்வரம் விட்டாலும் ஒன்றும் ஆகாது. நீங்களும் பஸூன் என்கிற தாழ்ந்த குரல் ஊதுவாத்தியமும் மட்டும் என்றால் தப்பிக்க வழியில்லை, அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். என் பார்ட்டில் வட்டம் ஐந்தாறுக்கு மேல் போகாது. வீட்டுப் பயிற்சி முழுக்க அங்கேதான்.

ஓட்டங்களில் கிளம்பும் ஸ்வரத்தையும் இறங்கும் ஸ்வரத்தையும் முதலில் பிடியுங்கள், நடுவை அப்புறம் நிரப்பலாம். மேடையில் விரல் சிக்கினால் நடுவை விட்டுவிட்டு இறங்கும் இடத்தில் சரியாக இறங்குங்கள். அரை அடி தள்ளி இறங்கினால் மொத்தப் பேண்டும் ஆட்டம் காணும்.

கிளாரினெட்காரர்களுக்கு ஒன்று. சுண்டுவிரல் சாவிகளில் வாசிக்கும் ஸ்வரங்களுக்கு மேலே, எந்தக் கை என்று இ (இடது), வ (வலது) எழுதிவிடுங்கள். பி, சி ஷார்ப், டி ஷார்ப் என்ற ஸ்வரங்கள் வரிசையாக வந்தால் டி ஷார்ப் சாவி சாதாரண கிளாரினெட்டில் வலப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. அதனால் சி ஷார்ப் இடது, பி வலது. பின்னாலிருந்து முன்னால் யோசிக்க வேண்டும். இதை எழுதாமல் நான் ஒரு மாதம் ஒரே பாரில் விரலை வழுக்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

தாளம் மாறுகிற இடத்தில் நமக்குச் சொற்கட்டு இருக்கிறது. ஏழு குவேவர் (அரை அடி ஸ்வரம்) 2+2+3 என்று பிரிந்தால் 'தக தக தகிட'. அடுத்த பார் 3+2+2 என்றால் 'தகிட தக தக'. ஐந்துக்கு 'தக தகிட'. பார்ட் வேறு மாதிரி சொல்லாத வரை குவேவரின் நீளம் மாறாது, அவற்றைச் சேர்க்கிற விதம் மட்டும்தான் மாறும். ஆனால் பாட்டு வகுப்புக்குப் போனவர்கள் கையில் ஆதிதாளம் போட்டுக்கொண்டே வாசிக்காதீர்கள். இங்கே ஆவர்த்தனம் திரும்பி வருவதில்லை, கண் பேண்டை நடத்தும் கண்டக்டரின் கோல் மேல் இருக்கட்டும். (கண்டக்டர் என்றால் அப்பாவுக்கு இன்னும் பேருந்துதான்.)

வாசிக்காமல் எண்ணிக்கொண்டு காத்திருக்கிற ஓய்வு பார்களில்தான் நான் மானம் போனவள். போன வருடக் கச்சேரியில் பதினாறு பாரை பதினைந்தாக எண்ணி, தன்னந்தனியாக, அதுவும் ஃபோர்ட்டேயில், உரத்த சத்தத்தில், நுழைந்தேன். அதற்கப்புறம் எண்ணிக்கையை மட்டும் நம்புவதில்லை. 'டிராம்போன் முடிந்ததும் இரண்டு பார்' என்று பென்சிலால் எழுதி வைக்கிறேன்.

நவீன இசையில் பள்ளிப் பேண்டில் வளர்ந்த எங்களுக்கு அதிகம் உதறுவது, சேர்ந்து வாசிக்கக் கூடாத இடங்கள். செக் நாட்டில் பிறந்த இசையமைப்பாளர் கரெல் ஹூசாவின் 'மியூசிக் ஃபார் பிராக் 1968' இருக்கிறதே, 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்ததைக் கேட்டு அவர் அமெரிக்காவில் எழுதியது. தொடக்கத்தில் பிக்கலோ என்கிற குட்டி ஃபுளூட் பறவைபோல் கூவும், மூன்றாம் பகுதி முழுக்கத் தாளவாத்தியம் மட்டும். முடிவுக்குச் சற்று முன்னால் ஆளாளுக்குத் தன் போக்கில் வாசிக்கிற இடம் வரும், அந்த அமளிக்குப் பிறகுதான் பழைய ஹூஸைட் (பதினைந்தாம் நூற்றாண்டுச் செக் மதச் சீர்திருத்தக்காரர்கள்) போர்ப்பாடலை எல்லாரும் ஒன்றாக எழுப்புவார்கள். அங்கே பக்கத்து நாற்காலியோடு ஒட்டிக்கொண்டால் அமளியே கிடையாது. வீட்டில் வானொலியைச் சத்தமாக வைத்து, அதற்குச் சம்பந்தமில்லாமல் உங்கள் வரியை வாசித்துப் பழகுங்கள். காது பிடிவாதம் பிடிக்கும், நாலு நாளில் அடங்கிவிடும்.

தண்ணீர்க் கிண்ணங்களை விளிம்பில் தேய்க்கச் சொல்லும் படைப்புகளும் உண்டு. கையைப் பாத்திர சோப்பால் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தால்தான் ஒலிக்கும். மெல்லிய காம்புக் கோப்பையாகப் பாருங்கள். தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும். சுருதி காட்டும் டியூனரில் சரிபார்த்து, அளவுக்குக் கோப்பையில் டேப் ஒட்டிவிடுங்கள்.

வீவக அடுக்குமாடி வீட்டில் எங்கே வாசிப்பது என்று கேட்பீர்கள். கிளாரினெட்டுக்கு மியூட் (வாயில் செருகிச் சத்தத்தை அடக்கும் அடைப்பான்) உதவாது, சத்தம் துளைகள் வழியாகவும் வருகிறது. நான் துணி அலமாரியைத் திறந்து புடவைகளைப் பார்த்து வாசிக்கிறேன். ஒன்பது மணிக்கு மேல் ஊதுவதே இல்லை. விரலை மட்டும் ஓட்டி, வாயால் 'தக தகிட' சொல்கிறேன். அடி தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்து, மூன்று முறை தப்பில்லாமல் வந்தால்தான் 64. கஞ்சத்தனம்தான், ஆனால் ஏற்றிய வேகம் கீழே விழுவதில்லை.

கச்சேரிக்கு முந்தின வாரம், விட்டுவிடலாம் என்று குறித்த ஸ்வரங்களைத் திடீரென்று பிடிக்கப் போகாதீர்கள். ஆசை வரும். ஊதும் முனையில் கட்டும் மெல்லிய தகடான ரீடிலும் புதுசை அப்போது எடுக்க வேண்டாம், பழசில் நல்லதாக இரண்டைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலும்.