விருது வாங்கியவர்களின் பேஸ்பால் கார்டுகளை அணிவாரியாகச் சேர்ப்பது எப்படி

ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட கார்டுகளைச் செருகி வைக்கும் என் பைண்டரில் ஒரு பக்கத்தில் கர்க் கிப்சன் இருக்கிறார். 1988-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடி அமெரிக்கப் பேஸ்பாலின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் எம்.வி.பி. (மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருதை வாங்கியவர். டாப்ஸ் என்ற நிறுவனம் அந்த ஆண்டு வெளியிட்ட கார்டைத் தேடி வாங்கி, பெருமையாக வைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் ஒரு நிமிடம் பார்த்தான். "ஏன் அப்பா, இவர் டெட்ராய்ட் சட்டையில் அல்லவா இருக்கிறார்?"

அவன் சொன்னது சரி. கிப்சன் அந்த ஆண்டு ஜனவரியில்தான் டெட்ராய்ட் டைகர்ஸை விட்டு டாட்ஜர்ஸுக்கு வந்தார். டாப்ஸின் வழக்கமான தொகுப்பு அவரைப் பழைய அணியிலேயே காட்டியது. டாட்ஜர்ஸ் சட்டையில் அவர் வருவது, அதே ஆண்டு பிற்பாடு வெளியான 'டாப்ஸ் டிரேடட்' என்ற துணைத் தொகுப்பில். அணி மாறியவர்களையும் புதிதாக வந்தவர்களையும் போடுவதற்காகவே வந்த தொகுப்பு அது. இந்த வேலையில் இறங்க நினைக்கிறவர் முதலில் மனத்தில் பதிய வைக்க வேண்டிய பெயர் அதுதான்.

ஆகவே, கடைக்குப் போகும் முன்பே ஒரு விதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் விதி இது: விருது வாங்கிய அணியின் சட்டையில் ஆட்டக்காரர் இருக்க வேண்டும், விருது வாங்கிய ஆண்டின் கார்டாக இருக்க வேண்டும். உங்கள் விதி வேறாக இருக்கலாம். ரூக்கி கார்டு (ஆட்டக்காரர் புதுமுகமாக வந்தபோது வெளியான கார்டு) மட்டும் என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள். பணம் இருப்பவர்களுக்கு அது சரி. விதியே இல்லாமல் தொடங்கினால் ஆறு மாதத்தில் கைநிறையக் கார்டு இருக்கும், தொகுப்பு இருக்காது.

அடுத்தது பட்டியல். எந்த விருதுகளைக் கணக்கில் எடுப்பது? பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் வாக்களித்துத் தரும் மூன்று போதும்: 1931 முதல் எம்.வி.பி., 1947 முதல் ஆண்டின் சிறந்த புதுமுகம், 1956 முதல் சிறந்த பிட்சருக்கான (பந்து எறிபவருக்கான) சை யங் விருது. சை யங் முதல் பதினோரு ஆண்டுகள் இரண்டு லீக்குகளுக்கும் சேர்த்து ஒன்றுதான். 1967-இலிருந்து லீக்குக்கு ஒன்று. ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருதையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள் குவிந்து பைண்டர் வீங்கிவிடும். நான் தொடவில்லை.

இங்கே இரண்டு குழப்பங்கள் வரும். டாப்ஸ் கார்டுகள் சிலவற்றின் மூலையில் தங்கக் கோப்பை ஒன்று இருக்கும். அது டாப்ஸ் நிறுவனம் தானே தேர்ந்தெடுக்கும் புதுமுகங்கள் அணிக்கான அடையாளம். எழுத்தாளர் சங்க விருதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று, எழுத்தாளர்கள் வாக்களிப்பது, பருவம் முடிந்து அக்டோபரில் வரும் இறுதிச்சுற்று ஆட்டங்கள் தொடங்கும் முன்பு. அவற்றின் உச்சமான உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் நொண்டிக்கொண்டே வந்து கிப்சன் அடித்த ஹோம் ரன்னை ஊரே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவருடைய எம்.வி.பி.க்கு அதில் பங்கே இல்லை. அது முழுப் பருவத்துக்கான விருது. உலகத் தொடரின் எம்.வி.பி. தனி விருது, அந்த ஆண்டு அது டாட்ஜர்ஸ் பிட்சர் ஓரல் ஹெர்ஷைசருக்குப் போனது. அவருக்கே அவ்வாண்டு சை யங்கும் கிடைத்ததால் ஒரே கார்டை இரண்டுக்கும் காட்டிக்கொள்ளலாம்.

எந்த அணி? மனத்துக்குப் பிடித்த அணிதான். ஆனால் பட்டியலின் நீளத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். டாட்ஜர்ஸில் சிறந்த புதுமுகங்கள் மட்டும் பதினெட்டுப் பேர். 1992 முதல் 1996 வரை கேரோஸ், பியாசா, மோண்டசி, நோமோ, ஹாலண்ட்ஸ்வொர்த் என்று வரிசையாக ஐந்து ஆண்டு அவர்களுக்கே போயிற்று. நியூயார்க் மெட்ஸ் ரசிகருக்கு எம்.வி.பி. பக்கமே வேண்டாம், ஒருவர்கூட வாங்கியதில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது சியாட்டில் மரைனர்ஸ். 2025 வரை கணக்கெடுத்தால் மூன்று விருதும் சேர்த்து ஒன்பது, ஆட்கள் எட்டு. ஆல்வின் டேவிஸ் 1984, ராண்டி ஜான்சன் 1995, கென் கிரிஃபி ஜூனியர் 1997, சசாகி 2000, ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 2010, கைல் லூயிஸ் 2020, ஹூலியோ ரோட்ரிகஸ் 2022. இடையில் 2001-இல் இச்சிரோ சிறந்த புதுமுகமும் எம்.வி.பி.யும் ஆகிப் பட்டியலில் இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது பைகள் கொண்ட ஒரே தாளில் மொத்தமும் அடங்கும். இவர்களில் பெரும்பாலானவர்களின் விருது ஆண்டுச் சாதாரணக் கார்டுகளை, கார்டு சந்தைகளில் மேசையின் ஓரத்தில் கிடக்கும், ஒரு டாலர் கார்டுகள் நிறைந்த பெட்டியைக் கிளறியே பிடித்துவிடலாம். அப்பர் டெக் என்ற இன்னொரு நிறுவனம் 1989-இல் போட்ட கிரிஃபியின் ரூக்கி கார்டு எல்லோருக்கும் தெரியும், விலையும் அதற்கேற்றபடி. என் விதிப்படி தேவைப்படுவது 1997-ஆம் ஆண்டுக் கார்டு.

இனி விருது ஆண்டு என்ற விதியில் இருக்கும் முடிச்சு. கார்டு அச்சாவது பருவம் தொடங்கும் முன்பு. அதனால் அதன் முதுகில் இருப்பது முந்தைய ஆண்டுக் கணக்கு. டான் நியூகோம்ப் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக (லாஸ் ஏஞ்சலிஸுக்கு வரும் முன்பு அதே அணி) 1956-இல் 27 வெற்றி, 7 தோல்வி என்று எறிந்து, எம்.வி.பி.யையும் முதல் சை யங் விருதையும் ஒன்றாக வாங்கினார். அவருடைய 1956 டாப்ஸ் கார்டைத் திருப்பிப் பார்த்தால் 1955-இன் 20 வெற்றி, 5 தோல்விதான் இருக்கும், கூடவே மூன்று கேலிச் சித்திரங்கள். 27-7 வருவது 1957 கார்டின் முதுகில். முன்பக்கம் முக்கியமா, முதுகு முக்கியமா என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். எனக்குக் கணக்குப்பிள்ளை புத்தி. நியூகோம்புக்கு மட்டும் இரண்டையும் வாங்கினேன்.

அங்கேதான் அடிபட்டேன். 1957-இலிருந்து டாப்ஸ் கார்டு இரண்டரை அங்குல அகலம், மூன்றரை உயரம். இன்றும் அதே அளவு. 1952 முதல் 1956 வரை வந்தவை அரைக்கால் அங்குலம் அகலம் கூட, கால் அங்குலம் உயரம் கூட. இது தெரியாமல் 1956 நியூகோம்பை ஒன்பது பைத் தாளில் நுழைத்தேன். உள்ளே போக மறுத்ததும் விட்டிருக்கலாம். கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன். கீழ் வலது மூலையில் நகக்கீற்று அளவுக்கு ஒரு வெள்ளை மடிப்பு விழுந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் யார் யார் கையிலோ தப்பிப் பிழைத்த மூலை, என் மேசையில் போனது. பழைய அளவுக்கென்றே எட்டுப் பைத் தாள்கள் விற்கிறார்கள், அவற்றை வாங்குங்கள். எந்தத் தாளானாலும் பி.வி.சி. பிளாஸ்டிக் கலக்காதது என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும். விலை கூடிய கார்டுக்கு முதலில் மெல்லிய உறை, அதற்கு மேல் டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை.

சில இடங்களில் விதி உடையும். மௌரி வில்ஸ் 1962-இல் டாட்ஜர்ஸின் எம்.வி.பி. ஆனால் அவருக்கு அந்த ஆண்டு டாப்ஸ் கார்டே கிடையாது. 1967 வரை கிடையாது, அப்போது அவர் பிட்ஸ்பர்க்கில் இருந்தார். 1975-இல் பழைய எம்.வி.பி.களை நினைவுகூர்ந்து டாப்ஸ் ஒரு வரிசை போட்டபோது, உண்மையில் வராத வில்ஸ் கார்டு ஒன்றை 1962 பாணியில் புதிதாகக் கற்பனைசெய்து அச்சிட்டது. வேடிக்கைக்கு அதையும் வைத்துக்கொள்ளலாம். உண்மையான கார்டு வேண்டுமென்றால் ஃப்ளீர் என்ற போட்டி நிறுவனத்தின் 1963 தொகுப்பு. சூயிங் கம்முடன் கார்டு விற்கும் உரிமை டாப்ஸிடம் இருந்ததால் ஃப்ளீர் பிஸ்கட்டுடன் விற்ற தொகுப்பு அது.

1981-இன் பெர்னாண்டோ வலென்சுவேலா, ஒரே ஆண்டில் புதுமுக விருதும் சை யங்கும் வாங்கிய முதல் ஆள். டாப்ஸ் கார்டில் அணித் தோழர்கள் ஸ்கியோஸ்யா, பெர்கான்டே இருவருடன் இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருப்பார். ஃப்ளீரில் தனியாக இருப்பார், ஆனால் பெயரின் கடைசி எழுத்து விடுபட்டு 'பெர்னாண்ட்' ஆகியிருக்கும். தனியாகவும் பிழையில்லாமலும் வேண்டுமென்றால் மறுபடி டாப்ஸ் டிரேடட்தான்.

வாங்கும் நேரம் பற்றி ஒரு சொல். விருதுகள் நவம்பரில் அறிவிக்கப்படும். அந்த வாரம் வெற்றியாளரின் கார்டுகளுக்கு எல்லோரும் பாய்வார்கள். நான் அந்த மாதம் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

பழைய கார்டு என்றால் பூதக்கண்ணாடி இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள். அசலில் படம் புள்ளிகளால் ஆனது, ஆனால் கறுப்பு எழுத்துகளும் கோடுகளும் இடைவெளியில்லாத மையாக இருக்கும். அசலை ஸ்கேன் செய்து அச்சிட்ட நகலில் எழுத்தும் புள்ளியாகச் சிதறித் தெரியும்.

டாட்ஜர்ஸ் வரிசையில் முதல் புதுமுகம் ஜாக்கி ராபின்சன், 1947. அவர் காலத்து அசல் எதுவும் என் சம்பளத்துக்கு எட்டாது. அந்தப் பையில் மறுபதிப்பு ஒன்றை வைத்திருக்கிறேன். அதன் முதுகில் மறுபதிப்பு என்று அச்சிட்டிருப்பது தெரியும்படி, திருப்பித்தான் வைத்திருக்கிறேன்.