துடிப்புக் கணக்கு ஒத்துவராதபோது

நான் பிசியோதெரபிஸ்ட். இதய நோயாளி ஒருவருக்கு நடைப்பயிற்சி எழுதிக் கொடுத்திருந்தேன். 220-இலிருந்து வயதைக் கழித்து, பயிற்சியில் துடிப்பு எவ்வளவு ஏற வேண்டும் என்று போடும் கணக்குப்படி அவருடைய நாடித்துடிப்பு ஏறவே இல்லை. ஆனால் சட்டை நனைந்திருந்தது, பேசும்போது பாதி வாக்கியத்திலேயே மூச்சு வாங்கியது.

மருந்துச் சீட்டைப் புரட்டினேன். மெட்டோபுரோலால். சரி, காரணம் புரிந்தது. அது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை, துடிப்பை அதிகம் ஏறவிடாது. அதற்காக மாத்திரையை நிறுத்துவது ஆபத்து, அதை அவரிடம் அழுத்தியே சொன்னேன்.

துடிப்பு இலக்கை நீக்கிவிட்டு இப்படி எழுதினேன்: நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கூடவே எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நோயாளியே எண்ணில் சொல்லும், 6 முதல் 20 வரையுள்ள போர்க் அளவுகோலைக் காட்டி, சிரமம் 12, 13-ஐத் தாண்ட வேண்டாம் என்றேன். தொடக்கத்திலும் முடிவிலும் மெதுநடை கட்டாயம். சட்டென்று நின்றால் தலைசுற்றும். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். அப்புறம், முதலில் நேரத்தைத்தான் கூட்டச் சொன்னேன், வேகத்தை அல்ல.

அடுத்த முறை நடந்துகொண்டே என்னிடம் திணறாமல் பேசினார். இப்போது யாருக்கு எழுதினாலும் மருந்துச் சீட்டைத்தான் முதலில் கேட்கிறேன்.