மின்சாரம் போனால் அமைப்புகளை மறந்துவிடும் கணினி: காரணம் கண்டறிந்து சரிசெய்யும் முறை

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கங்களில் கடையைப் பூட்டும்போது கணினியை நிறுத்துவதோடு சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது பலருக்கும் வழக்கம். மறுநாள் காலையில், அல்லது மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு முடிந்து மின்சாரம் வந்ததும், கறுப்புத் திரையில் ‘சிமாஸ் செக்சம் எரர்’ என்றோ, எஃப்1 விசையை அழுத்தச் சொல்லியோ ஒரு செய்தி வந்து, தேதியும் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், விண்டோஸை மறுபடி நிறுவச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். பெரும்பாலும் கோளாறு மதர்போர்டிலுள்ள ஒரு சிறிய பேட்டரியில்தான் இருக்கும்.

கணினி அணைந்திருக்கும்போதும் அதன் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, பவர் சப்ளையின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை இணைப்பு அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. சுவிட்சை அணைத்த நொடியிலிருந்து முழுப் பாரமும் 3 வோல்ட் பேட்டரியின்மேல் விழுகிறது. தினமும் இரவு முழுக்க இப்படி ஓடும் பேட்டரி விரைவில் தீரும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் மூடிக் கிடக்கும் அறையின் வெப்பமும் அதன் ஆயுளைக் குறைக்கும். அதற்காகச் சுவிட்சை அணைக்காமல் விடுங்கள் என்று சொல்ல மாட்டேன். இடி மின்னல் காலத்தில் அணைத்து வைப்பதே சரி. பேட்டரியை மாற்றும் செலவு மிகச் சிறியது.

பழைய கணினிகளில் பேட்டரி தீர்ந்தால் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் அனைத்தும் அழிந்துவிடும். பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ உள்ள கணினிகள் பலவற்றில் அமைப்புகள் ஃபிளாஷ் சிப்பில் பதிந்திருப்பதால், கடிகாரம் மட்டும் பின்தங்கும். இணையம் கிடைத்ததும் விண்டோஸ் நேரத்தைத் தானே திருத்திக்கொள்வதால் கோளாறு வெளியே தெரியாமல் போவதும் உண்டு. வங்கித் தளத்தைத் திறந்தால் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று பிரவுசர் தடுக்கும்போதுதான் தேதியைப் பார்க்கவே தோன்றும்.

பேட்டரி வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பயாஸில் நேரத்தைச் சரிசெய்து, சேமித்து, ரீஸ்டார்ட் மட்டும் செய்யுங்கள். நேரம் நிலைத்தால், கணினியை முறையாக நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, இரவு முழுக்க விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். அப்போது மட்டும் மறந்தால் பேட்டரிதான் காரணம். ரீஸ்டார்ட் செய்தாலே மறந்தால் கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம். வால்பேப்பரோ டெஸ்க்டாப் ஃபைல்களோ காணாமல் போவதற்கும் இந்தப் பேட்டரிக்கும் தொடர்பே இல்லை.

பேட்டரியைக் கழற்றுமுன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். முக்கியமாக பூட் வரிசையும் (எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் தொடங்குவது என்பது) சாட்டா முறையும் (டிஸ்க்கோடு கணினி பேசும் முறை) தெரிய வேண்டும். விண்டோஸ் ஏஹெச்சிஐ என்ற சாட்டா முறையில் நிறுவப்பட்டிருக்க, அமைப்பு வேறொன்றுக்கு மாறிவிட்டால் நீலத் திரைதான் வரும். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து நல்ல டிஸ்க்கை மாற்றியவர்களும் உண்டு. டிஸ்க்கிலுள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கும் கணினியானால் 48 இலக்க மீட்புச் சாவியை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கியபின், பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டபின் உள்ளே கை வையுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியைக் கழற்றாமலே அளப்பது நல்லது. தனியே எடுத்து அளந்தால் சோர்ந்த பேட்டரியும் நல்ல அளவைக் காட்டி ஏமாற்றும். 3 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் நலம், 2.8-க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம். ஓரத்திலுள்ள சிறு கொக்கியை நகத்தால் வெளிப்புறமாகத் தள்ளினால் பேட்டரி தானே எழும்பி வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கொக்கி உடையும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது சிஆர் 2032. கைக்கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும். 2025 என்று கொடுத்தால் வாங்க வேண்டாம், அது மெல்லியது. தொடர்பு சரியாக அமையாது. எழுத்துள்ள, கூட்டல் குறியுள்ள பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். பழையதைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் உடனே டேப் சுற்றி அப்புறப்படுத்துங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

மடிக்கணினிகள் பலவற்றில் இதே பேட்டரி ஒயரோடு உறையிட்டு வரும். அதே மாதிரி கனெக்டர் உள்ளதையே வாங்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் சர்வீஸ் கடையில் கொடுப்பதே மேல்.

புதிய பேட்டரி போட்டபின் படத்தைப் பார்த்து அமைப்புகளைத் திருப்பி, எஃப்10 அழுத்திச் சேமித்து, முன்பு செய்த சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்போதும் மறந்தால் பேட்டரிக்கு அருகிலுள்ள ‘கிளியர் சிமாஸ்’ ஜம்பர் (பயாஸ் அமைப்புகளை அழிப்பதற்கான, ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) அழிக்கும் நிலையிலேயே மாட்டியிருக்கிறதா, பேட்டரி உட்காரும் தகட்டில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சில வாரங்களிலேயே புதிய பேட்டரியும் தீர்ந்தால் மதர்போர்டில் மின்கசிவு இருக்கக்கூடும். அதை மெக்கானிக்கிடம்தான் காட்ட வேண்டும்.

பில் போடும் கணினியாக இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை. தேதி பின்தங்கியிருந்த நாட்களில் போட்ட பில்களின் தேதியும் வரிசை எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துத் திருத்தியபின்னரே ஜிஎஸ்டி கணக்கை ஆடிட்டரிடம் கொடுங்கள்.