ரஷ்ய நாவல்களில் பெயர்க் குழப்பம்: நான் தீர்த்த விதம்

தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் இரண்டு முறை பாதியில் நின்றேன். பெயர்கள்தான் காரணம். நாயகன் ரோதியோன் ரொமானொவிச் ரஸ்கோல்நிகோவ்; அம்மாவுக்கு ரோத்யா. தங்கை அவ்தோத்யா ரொமானொவ்னா, வீட்டில் துன்யா. நடுப்பெயர் தந்தையுடையது: ரொமானின் மகன் ரொமானொவிச், மகள் ரொமானொவ்னா. இது பிடிபட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

அஞ்சலட்டை அளவு அட்டையைப் பக்க அடையாளமாக வைத்து, ஆளுக்கொரு வரி எழுதினேன். வரியின் முடிவில் இடம் விடுங்கள், செல்லப்பெயர் பல பக்கம் கழித்தே வரும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் பட்டியல் வேண்டவே வேண்டாம். யார் சாகிறார்கள் என்பதையும் அது சொல்லிவிடும்.

புத்தகங்களைப் படிக்கும் வரிசையையும் மாற்றி, ஓராண்டுக்குப் பிரித்தேன். முதல் இரண்டு மாதம் செகாவ் சிறுகதைகள்: ஆட்கள் குறைவு, பெயர் முறை தானாகப் பழகும். மூன்றாம் மாதம் தல்ஸ்தோயின் 'இவான் இலியீச்சின் மரணம்', 12 அத்தியாயம்தான். அடுத்த மூன்று மாதம் 'குற்றமும் தண்டனையும்'. மீதி ஆறு மாதம் 'போரும் அமைதியும்': 361 அத்தியாயங்கள், பெரும்பாலும் சிறியவை, நாளுக்கு இரண்டு போதும். அதன் பின்னுரையின் இரண்டாம் பகுதி முழுக்க வரலாறு பற்றிய கட்டுரை. கதை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. களைத்திருந்தால் அதைத் தனியே, ஒரு வாரம் கழித்துப் படியுங்கள்.