பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குத் தோட்டாவும் குறிகாட்டியும் தேர்ந்தெடுப்பது எப்படி?

மௌசர் 98, வின்செஸ்டர் 70 மாதிரி ஒரு பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை (கைப்பிடியுள்ள போல்ட்டைக் கையால் திறந்து மூடித் தோட்டா ஏற்றும் துப்பாக்கியை) வேட்டைக்குத் தயார் செய்ய நினைக்கும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தத் தோட்டாவுக்குச் சக்தி அதிகம் என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கண்ணை மூடாமல், தோளை இழுக்காமல் உங்களால் திரும்பத் திரும்பச் சுட முடிகிற தோட்டா எது என்பதுதான் கேள்வி. உரிமமும் வேட்டைக்கான அனுமதியும் கையில் இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் படி: குழலைப் படியுங்கள்

ரைஃபிள் ஏற்கெனவே கையில் இருந்தால், தோட்டாவை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டது. போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, குழலின் மேலும் பக்கவாட்டிலும் பொறித்திருப்பதைப் படியுங்கள். பொறித்திருப்பதை மட்டும் நம்பிவிடவும் கூடாது, ஏனென்றால் பழைய ராணுவ ரைஃபிள்கள் பல, பிற்பாடு வேறு தோட்டாவுக்கு மாற்றிக் குடையப்பட்டவை. 8×57 மௌசர் தோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே பெயரில் .318 அங்குலக் குண்டுக்கான (தோட்டாவிலிருந்து பறந்து போகும் பகுதிதான் குண்டு) பழைய குழலும் உண்டு, .323 அங்குலக் குண்டுக்கான பிந்தைய குழலும் உண்டு. வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான், ஆனால் பெரிய குண்டைச் சின்னக் குழலில் சுட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அதனால் நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து சேம்பரை வார்ப்பு எடுத்துப் பார்க்கவும், ஹெட்ஸ்பேஸை (மூடிய போல்ட்டுக்கும் சேம்பரில் தோட்டா நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை) கேஜ் வைத்து அளக்கவும் சொல்லுங்கள். இந்தச் செலவை மட்டும் தவிர்க்கவே கூடாது.

இரண்டாம் படி: எந்த விலங்கு, எவ்வளவு தூரம், உங்கள் தோள் எப்படி

தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் புதிதாக வாங்குபவர்களுக்குத்தான். சின்ன மான்களுக்கு .243 வின்செஸ்டர் தோட்டா போதும், உதையும் மென்மை, ஆனால் சில நாடுகளில் மான் வேட்டைக்குக் குறைந்தபட்சக் குழல் விட்டமோ குண்டின் ஆற்றலோ சட்டத்திலேயே இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மான், காட்டுப்பன்றி என்று பொதுவாகப் போகிறவர்களுக்கு 6.5×55, 7×57, .308 வின்செஸ்டர், .270 வின்செஸ்டர், .30-06 இவற்றில் எதுவும் சரிதான். 1890-களில் வந்த முதல் இரண்டும் இன்றைக்கும் உதை குறைவு, ஊடுருவல் நிறைவு என்று நிற்கின்றன. என்னைக் கேட்டால் பழைய ரைஃபிளுக்கு 7×57-ஐவிடப் பொருத்தமான தோட்டா கிடைப்பது கஷ்டம். தோட்டா எங்கேயும் கிடைக்க வேண்டும் என்றால் .308 அல்லது .30-06. இதில் .308 நீளம் குறைந்தது, குட்டை ஆக்‌ஷனிலேயே (போல்ட் ஓடும் பகுதி) அடங்கும்; .30-06-க்கு நீள ஆக்‌ஷன் வேண்டும்.

.300 வின்செஸ்டர் மேக்னம், .375 ஹெச் அண்ட் ஹெச் போன்றவற்றை முதல் ரைஃபிளாக வாங்க வேண்டாம். பலமாக உதைக்கும் துப்பாக்கி ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும்: ட்ரிகரை அழுத்தும் முன்பே உடம்பு சுருங்கும், குண்டு விலகும், விலங்கு காயத்தோடு ஓடும். அதைச் சரிசெய்ய ரொம்ப நாள் பிடிக்கும். முடிந்தால் வாங்குவதற்கு முன் அதே தோட்டாவை, ஏறக்குறைய அதே எடையுள்ள ரைஃபிளில், யாராவது தெரிந்தவர் கூட இருக்கும்போது சுட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: குண்டு

வேட்டைக்கு விரியும் குண்டு வேண்டும், முழு உலோக உறை போட்டது வேண்டாம். .308-க்குக் குண்டின் எடை 150 முதல் 180 கிரெய்ன் (குண்டு எடையை அளக்கும் சின்ன அலகு) வரை வழக்கம். கலிஃபோர்னியா மாதிரி ஈயக் குண்டைத் தடை செய்த இடங்களில் செம்புக் குண்டுதான். இரண்டு மூன்று வகையில் வகைக்கொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒரே ரைஃபிள் ஒன்றை நெருக்கமாகவும் இன்னொன்றைச் சிதறியும் போடும்.

நான்காம் படி: இரும்புக் குறியா, ஸ்கோப்பா

அடர்ந்த காட்டில் 80 மீட்டருக்குள் என்றால் இரும்புக் குறி தாராளம். பின்னால் V வெட்டு, முன்னால் மணி என்று இருக்கும் அமைப்பில் கண் மூன்று தூரங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பின்குறியாக ஒரு சின்ன வளையத்தைப் பொருத்தினால் அதைக் கவனிக்கவே வேண்டாம், அதன் வழியாக முன்குறியைத் தெளிவாகப் பார்த்தால் கண் தானாக நடுவுக்கு வந்துவிடும். நாற்பது வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி.

ஸ்கோப் என்றால் பெருக்கத்தில் ஆசை வைக்காதீர்கள். நிலையான 4 அல்லது 6 மடங்கு, இல்லாவிட்டால் 3-9×40 (3 முதல் 9 மடங்கு, முன்லென்ஸ் 40 மி.மீ.) போதும். முன்லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும்: 6×42-ல் 7 மி.மீ. இருட்டில் இளவயதுக் கண்மணி விரிவதே ஏறக்குறைய அவ்வளவுதான், அதனால் மங்கிய வெளிச்சத்துக்கு அது அருமையான அளவு.

மௌசர் 98-ல் ஒரு சிக்கல் இருக்கிறது. ராணுவ வடிவத்தில் போல்ட்டைத் திறக்கும்போது கைப்பிடி 90 டிகிரி மேலே எழும், பின்முனையில் உள்ள சேஃப்டியும் (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) மேலாகத்தான் புரளும், தாழ்வாகப் பொருத்திய ஸ்கோப்பில் இரண்டும் இடிக்கும். கைப்பிடியை வளைத்து, சேஃப்டியையும் பக்கவாட்டில் நகரும் வகையாக மாற்ற வேண்டும். சரி, ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்கை உயரமாகப் போட்டுவிடலாமே என்றால், கன்னம் வைக்கும் பழைய மரக்கட்டை இரும்புக் குறிக்காகவே தாழ்வாகச் செதுக்கப்பட்டது, கன்னம் அந்தரத்தில் நிற்கும். அசல் பாகங்களில் பொறித்த வரிசை எண்கள் ஒத்திருக்கும் ராணுவ ரைஃபிளாக இருந்தால் துளையே போடாதீர்கள், அதன் மதிப்பு அந்தத் துளையோடு போய்விடும். வளையக் குறியோடு விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: குறி சரிபார்ப்பது

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே 9 செ.மீ.யாவது இருக்கும்படி பொருத்துங்கள், இல்லையென்றால் உதையில் புருவம் கிழியும். பின்னால் மண்மேடு உள்ள சுடுதளத்தில், ரைஃபிளை மணல்மூட்டையில் வைத்து, போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியே 25 மீட்டர் அட்டையின் நடுவைப் பாருங்கள், ரைஃபிளை அசைக்காமல் ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டையும் அங்கேயே கொண்டுவாருங்கள். அப்புறம் போல்ட்டை மாட்டி மூன்று குண்டு. அவை நடுவிலோ ஒரு செ.மீ. கீழேயோ விழுந்தால் 100 மீட்டருக்குப் போகலாம். கால் எம்ஓஏ ஸ்கோப்பில் (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) திருகின் ஒரு கிளிக் 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகர்த்தும், 6 செ.மீ. கீழே விழுந்தால் எட்டு ஒன்பது கிளிக் மேலே. இரும்புக் குறியில் பின்குறியைக் குண்டு போக வேண்டிய பக்கமே நகர்த்துங்கள், முன்குறியை எதிர்ப்பக்கம்.

.308-ல் 100 மீட்டரில் 4 செ.மீ. மேலே விழும்படி வைத்தால், 200 மீட்டரிலும் சில செ.மீ. மட்டுமே கீழே இருக்கும், நடுவில் எந்தக் கணக்கும் போட வேண்டாம். மெல்லிய வேட்டைக் குழல் மூன்று குண்டிலேயே சூடாகும், ஆற விட்டுச் சுடுங்கள். காட்டில் சுடப்போவது ஆறிய குழலின் முதல் குண்டை, எனவே வேறு வேறு நாட்களில் அந்த முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதை ஒரே அட்டையில் குறித்து வாருங்கள், கடைசித் திருத்தத்தை அதை வைத்துச் செய்யுங்கள்.