பதினேழுன்னா என்ன தம்பி? ஒரு சட்டத்தின் வேரைத் தேடிப் போகும் வழி

கூடலூரில் வக்கீல் குமாஸ்தாவாக எனக்கு இருபத்தேழு வருடம் ஆகிறது. ஒரு சட்டம் எதற்காக வந்தது என்று தேடும் பழக்கம் எனக்குப் படிப்பால் வரவில்லை, ஒரு கரண்ட் கம்பத்தால் வந்தது. ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம். “கரண்டுக்கு எழுதிக் குடுத்தா, உங்க எடம் பதினேழு, குடுக்க முடியாதுங்கறாங்க. பதினேழுன்னா என்ன தம்பி?”

இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கூடலூர்ப் பகுதி 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது. நிலம் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்மம், அதாவது பரம்பரைச் சொத்து. தோட்டக்காரர்கள் கோவிலகத்திடம் குத்தகைக்கு எடுத்துத் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். அந்த ஜென்ம உரிமையை ஒழித்து ரயத்துவாரியாக, அதாவது நிலம் வைத்திருப்பவர் நேராக அரசுக்கு வரி கட்டும் முறையாக, மாற்ற வந்தது 1969-ஆம் ஆண்டின் 24-ஆவது தமிழ்நாடு சட்டம். அதில் 17-ஆவது பிரிவு தோட்டக் குத்தகைகளைப் பற்றியது. குத்தகை தொடரலாம், பொது நலனுக்குத் தேவை என்று அரசு கருதினால் முடித்துக்கொள்ளலாம். பாட்டிக்கு இதைச் சொன்னேன். “அதை ஏன் அப்படிப் போட்டாங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறு மாதமே மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டேன்.

முதல் பயணம் வீண். எங்கள் பக்கம் எல்லோரும் இதை ‘எழுபத்துநாலு சட்டம்’ என்றுதான் சொல்வார்கள். நானும் அதை நம்பி 1974-ஆம் ஆண்டு சட்டமன்ற நடவடிக்கைத் தொகுதிகளை ஒரு நாள் முழுக்கப் புரட்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது: 1974 நவம்பர் 27 என்பது சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். பேரவையில் பேசி முடித்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அதனால் எந்தச் சட்டத்தை எடுத்தாலும் முதலில் ஒரு தாளில் மூன்று தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்: முன்வடிவு (மசோதா) பேரவைக்கு வந்த தேதி, ஒப்புதல் கிடைத்த தேதி, நடைமுறைக்கு வந்த தேதி. மூன்றும் ஒரே மாதத்தில் இருக்கலாம், பல வருட இடைவெளியிலும் இருக்கலாம். காரணம் முதல் தேதியின் பக்கத்தில்தான் கிடைக்கும்.

சென்னைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. சட்டத்தின் நீண்ட தலைப்பையும் முகப்புரையையும் நிதானமாகப் படியுங்கள். பிரிவு 1-க்கு மேலே இருப்பதை அலங்காரம் என்று தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டியானாலும் கொடைக்கானலானாலும் மரம் வெட்ட மனுப் போட்டவர்களுக்கு இது பழக்கமான சட்டம். பெயரைப் பார்த்தால் மரத்துக்கு மட்டும் என்று தோன்றும். நீண்ட தலைப்போ மரம் வெட்டுவதோடு நிலத்தைப் பயிரிடுவதையும் ஒழுங்குபடுத்துவதாகச் சொல்கிறது. காடு அழியாமலும் மண் அரித்துப் போகாமலும் தடுப்பது, மலையின் தோற்றத்தையும் பசுமையையும் தட்பவெப்பத்தையும் காப்பது என்று முகப்புரை காரணத்தையே எழுதிவைத்திருக்கிறது. இதற்குச் செலவு ஒரு டீக்கான நேரம்தான்.

அப்புறம் அடிக்குறிப்பு. அரசு வெளியிடும் சட்டத் தொகுப்பில் முதல் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒரு வரி இருக்கும். நோக்கக் காரண விளக்கவுரைக்கு இன்ன தேதி அரசிதழ், இன்ன பகுதி, இன்ன பக்கம் பார்க்க என்று. இந்த விளக்கவுரைதான் முன்வடிவு ஏன் வருகிறது என்று சொல்வது. என்னைக் கேட்டால் மொத்தத் தேடலுக்கும் சாவி அந்த ஒரு வரிதான். தனியார் போடும் பாக்கெட் பதிப்புகளில் பல சமயம் அதை விட்டுவிடுவார்கள். அதனால் தொகுப்பையே பாருங்கள். பழைய சட்டமானால் அரசிதழின் பெயர் ‘ஃபோர்ட் செயிண்ட் ஜார்ஜ் கெஜட்’ என்று இருக்கும். 1969 ஜனவரி 14-இல்தான் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. அதற்கு முந்தைய சட்டங்களை ‘மெட்ராஸ்’ என்ற பெயரில் தேட வேண்டும்.

இப்போதைய அரசிதழில் பகுதி 4, பிரிவு 1-இல் முன்வடிவுகள் வரும், பிரிவு 2-இல் சட்டங்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் பக்கத்திலேயே உள்ள ஆவணக் காப்பகத்திலும் பழைய அரசிதழ்களைக் கேட்டுப் பாருங்கள். முன்வடிவின் கடைசியில் நோக்கக் காரண விளக்கவுரை அச்சாகியிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். முன்வடிவையும் நிறைவேறிய சட்டத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பிரிவாக, விரலை வைத்துப் படியுங்கள். ஒரு சொல் மாறியிருந்தால், ஒரு உட்பிரிவு புதிதாக முளைத்திருந்தால், அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி விழுந்த இடத்தில்தான் யாரோ எழுந்து ஏதோ கேட்டிருக்கிறார்கள். அது முன்வடிவை ஆராயும் உறுப்பினர்களின் தெரிவுக் குழுவிலோ பேரவை விவாதத்திலோ இருக்கும். விவாதத்தில் அமைச்சரின் தொடக்க உரையைவிட, பிரிவு பிரிவாக எடுத்துக்கொள்ளும் கட்டத்தில் வரும் திருத்தங்களில்தான் சரக்கு அதிகம். தோற்றுப்போன திருத்தமும் முக்கியம். சபை எதை வேண்டாம் என்றது என்பது அதில்தான் தெரியும்.

பலர் மறப்பது மேலவையை. 1986 நவம்பர் 1-இல் கலைக்கப்படும் வரை தமிழ்நாட்டுக்கு இரண்டு சபைகள். எங்கள் ஜென்மச் சட்டத்தைத் தேடுபவர் இரண்டு சபைத் தொகுதிகளையும் பார்க்க வேண்டும்.

சரி, இவ்வளவும் கிடைத்துவிட்டால் கோர்ட்டில் செல்லுமா? அளவோடு செல்லும். சட்டத்தின் சொல் தெளிவாக இருந்தால் நீதிமன்றம் அந்தச் சொல்லைத்தான் எடுக்கும். விளக்கவுரையும் பேச்சும் பின்னணி தெரிந்துகொள்ளத்தான். முன்வடிவைக் கொண்டுவந்தவர் சொன்ன காரணத்தைப் பார்க்கலாம் என்று 1981-இல் கே.பி. வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்ற உறுப்பினர்களின் பேச்சுக்கு அந்த மரியாதை கிடையாது. என் சீனியர் கற்றுக்கொடுத்தது வேறு, நான்கு கேள்விகள். 1584-ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கு ஒன்றில் பிறந்தவை, 1955-இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் எடுத்தாண்டவை. முன்பு சட்டம் எப்படி இருந்தது? அதில் எந்தக் குறை தீராமல் நின்றது? சபை என்ன மருந்து கொடுத்தது? ஏன் அந்த மருந்து? கையில் இருக்கும் தாள்களை இந்த நான்கின் கீழ் பிரித்து வைத்தாலே பாதி வாதம் தயார்.

சட்டம் வாய் திறக்காத இடத்தையும் பாருங்கள். 1972-இல் பால்மாடீஸ் தோட்ட வழக்கில் எங்கள் சட்டம் காடு விஷயத்தில் அடிபட்டது எதனால் தெரியுமா? ஜென்மக் காடுகளை எடுத்து அரசு என்ன செய்யப்போகிறது என்று சட்டத்தில் எங்குமே இல்லை. அப்படியிருக்க அதை வேளாண் சீர்திருத்தம் என்று எப்படி ஏற்பது என்று கேட்டது நீதிமன்றம். அதற்குப் பிறகு 1974-இல் 34-ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்து இந்தச் சட்டத்தை ஒன்பதாம் அட்டவணையில், அதாவது கோர்ட்டில் எளிதில் எதிர்க்க முடியாதபடி காப்புக் கொடுத்த சட்டங்களின் பட்டியலில், சேர்த்தது. ஆக, ஒரு மாநிலச் சட்டத்தின் கதையில் ஒரு துண்டு டெல்லி நாடாளுமன்ற விவாதத்திலும் கிடக்கிறது. அதையும் எதிர்த்துப் போன கோயல்ஹோ வழக்கில் 2007-இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் நுழைந்த சட்டங்களை, திருத்தத்தாலும் குலைக்க முடியாத அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை வைத்து ஆராயலாம். நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் வழக்கு எங்கள் கூடலூர் மண்ணில் முளைத்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

துறையின் கோப்பு வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ‘எல்லா ஆவணங்களும்’ என்று கேட்காமல் முன்வடிவு எண், வருடம், துறை மூன்றையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கடைசியாக நகல். எந்தப் பக்கத்தைப் படம் எடுத்தாலும் முதலில் அந்தத் தொகுதியின் முகப்பை எடுங்கள், அப்புறம் உள்பக்கம். நகல் எடுத்தால் அங்கேயே நின்று ஒவ்வொரு தாளின் தலையிலும் தேதி, தொகுதி, பக்கம் எழுதுங்கள். ரயிலில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்து நான் கொண்டுவந்த பதினொரு தாள்கள் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன. யாரோ ஒரு உறுப்பினர் குத்தகைதாரர்களைப் பற்றி ரொம்ப நன்றாகப் பேசியிருக்கிறார். எந்த வருடம், எந்தச் சபை என்றுதான் தெரியவில்லை.